11 செ.மீ. தழும்பு ஹெர்னியா: 15×15 மெஷ் போதுமா?

மன்னை_சர்ஜன்:
வணக்கம். 52 வயது, வயல் வேலை பார்க்கும் அம்மா. நடுக்கோட்டில் தழும்பு ஹெர்னியா (பழைய ஆபரேஷன் தழும்பு வழியே குடல் பிதுங்குவது). ஆன்லே (வயிற்றுத் தசை உறைக்கு மேலே) மெஷ் வலை வைத்தும் மறுபடி வந்திருக்கிறது. சிடியில் ஓட்டை 11 செ.மீ. அகலம், 13 நீளம். இரண்டு ரெக்டஸின் (நடுக்கோட்டின் இருபுறமும் செங்குத்தாக ஓடும் வயிற்றுத் தசை) அகலமும் சேர்த்து 13 செ.மீ. எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரை சராசரி) 9.4. இங்கே ஸ்டாக்கில் 15×15 பாலிபுரொப்பிலீன் மட்டும்தான். இரண்டை ஒட்டுத்தைத்து வைக்கலாமா? மறுபடி ஆன்லேவா, சப்லேவா?

தஞ்சை_பொதுஅறுவை:
15×15 போதாது டாக்டர். ஓரத்திலிருந்து எல்லாப் பக்கமும் 5 செ.மீ. தாண்ட வேண்டும் என்றால் 21×23 ஆகிறது. 30×30 ஒரே துண்டாக வாங்கி வெட்டிக்கொள்ளுங்கள். மெஷ் பெரும்பாலும் ஓரத்தில்தான் விட்டுக்கொடுக்கும். நடுவில் தையல் போட்டு இன்னொரு ஓரத்தை நாமே உண்டாக்கக் கூடாது. மிதமான எடை, 1 மி.மீ.க்கு மேல் கண் உள்ளதாக இருக்கட்டும். மிக லேசானது, நடுக்கோடு மூடாமல் போனால் நடுவிலேயே கிழியும்.

இடம் சப்லேதான், ரெக்டஸுக்குப் பின்னால். ஆனால் ரெக்டஸ் அகலம் ஓட்டையைப் போல் இரு மடங்காவது இருந்தால்தான் அது மட்டும் போதும். உங்கள் கணக்கு 13க்கு 11. டிரான்ஸ்வெர்சஸ் ரிலீஸ் (பக்கவாட்டு உள்தசையை வெட்டித் தளர்த்துவது) இல்லாமல் நடுக்கோடு சேராது.

அதில் இரண்டு இடத்தில்தான் பெரிய ஆபத்து. ஒன்று, பின் உறையை வெட்டும் கோடு. ரெக்டஸின் வெளி ஓரத்தில் நுழையும் நரம்புகளுக்கு உள்பக்கமாக, மேல் வயிற்றில் தொடங்குங்கள். டிரான்ஸ்வெர்சஸ் தசை அங்கேதான் உள்ளே வரை வரும். கோடு வெளியே தள்ளி லீனியா செமிலூனாரிஸை (ரெக்டஸின் வெளி ஓரக் கோடு) வெட்டிவிட்டால் பக்கவாட்டில் வரும் ஹெர்னியாவைச் சரிசெய்வது மிகக் கடினம். இரண்டு, பின் அடுக்கில் விடும் பொத்தல். ஆர்க்குவேட் கோட்டுக்கு (தொப்புளுக்குக் கீழே பின் உறை முடியும் இடம்) கீழே மெல்லிய ஃபேசியாவும் பெரிட்டோனியமும் (வயிற்றின் உட்சவ்வு) மட்டும்தான், சுலபமாகக் கிழியும். ஒவ்வொன்றையும் 2-0 கரையும் நூலால் மூடுங்கள். விட்டால் குடல் அதில் நுழைந்து, சில நாளில் வாந்தியும் வயிறு உப்பலும் வரும். வெறும் ஐலியஸ் (குடல் அசைவு நிற்பது) என்று காத்திருக்காமல் சிடி எடுக்க வேண்டும். பாலிபுரொப்பிலீன் குடலைத் தொட்டால் ஒட்டும், பிறகு ஃபிஸ்டுலா (குடல் ஓட்டையாகித் தோல்வழி கசிவது) வரை போகும்.

செய்து பழகிய கை பக்கத்தில் இல்லாமல் இதை முதல்முறை தொடங்க வேண்டாம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவதில் தவறே இல்லை.

குடந்தை_மயக்கவியல்:
9.4-இல் மேசையில் ஏற்றாதீர்கள். 8-க்குக் கீழே வரட்டும். வெற்றிலையோடு புகையிலை போடுகிறாரா என்று தனியாகக் கேளுங்கள். பீடி சிகரெட் மட்டும் கேட்டால் நம் பக்கத்து அம்மாக்கள் "இல்லை" என்றுதான் சொல்வார்கள். குறைந்தது 4 வாரம் நிறுத்த வேண்டும்.

சம்பா அறுப்பு முடிந்து மாசியில் வைத்தால் சர்க்கரைக்கும் அவகாசம் கிடைக்கும், குறுவை நடவுக்கு முன் சுமார் நான்கு மாத ஓய்வும் கிடைக்கும். நடவுக்குக் குனிவதும் மூட்டை தூக்குவதும் வேறு வேறு. இரண்டையும் பற்றித் தெளிவாகச் சொல்லி அனுப்புங்கள்.

வயிற்றை மூடிய பின் பிளாட்டோ அழுத்தம் (வெண்டிலேட்டரில் நுரையீரலின் அழுத்தம்) முன்பைவிட 6 செ.மீ. தண்ணீர் அளவுக்கு மேல் ஏறினால் அன்றிரவு மூச்சு டியூபை எடுக்க மாட்டோம். வெண்டிலேட்டர் படுக்கையை முதல் நாளே உறுதிசெய்யுங்கள்.

நாகை_நுண்ணுயிரியல்:
வெட்டி மிஞ்சிய மெஷ்ஷை மறுபடி ஸ்டெரிலைஸ் செய்து வைத்துக்கொள்ளாதீர்கள். குளுட்டரால்டிஹைடில் ஊறவைத்த கருவிகளை போர் தண்ணீரிலோ குழாய் நீரிலோ அலசும் வழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். காசநோய் சாராத மைக்கோபாக்டீரியா வரும் வழி பெரும்பாலும் அதுதான். தையல் நன்றாக ஆறி, சில வாரம் கழித்துச் சிறு கட்டியாக வந்து கசியும். சாதாரண கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) இரண்டு நாளில் "வளர்ச்சி இல்லை" என்று வரும். மைக்கோபாக்டீரியாவைக் காட்டும் ஆசிட் ஃபாஸ்ட் சாயம் கேளுங்கள், கல்ச்சர் தட்டை ஒரு வாரத்துக்கு மேல் வைக்கச் சொல்லுங்கள். காசநோய் மாத்திரைக்கு இவை பெரும்பாலும் அடங்காது. கிளாரித்ரோமைசின், அமிகாசின் என்று சென்சிட்டிவிட்டி பார்த்து மாதக்கணக்கில் போக வேண்டும். பல பேருக்கு மெஷ்ஷையும் எடுக்க நேரும்.

மன்னை_சர்ஜன்:
மிக்க நன்றி. தஞ்சாவூருக்கே அனுப்புகிறேன். திரும்பி வந்ததும் டிரெயினை (நீர் வடியும் குழாய்) எப்போது எடுப்பது, சார்?

தஞ்சை_பொதுஅறுவை:
24 மணி நேரத்தில் 30 மி.லி.க்குக் கீழே, தொடர்ந்து இரண்டு நாள் வந்தால் எடுக்கலாம். அதன் பிறகு தேங்கும் சீரோமாவில் (தோலுக்கடியில் சேரும் நீர்), காய்ச்சலோ சிவப்போ வலியோ இல்லையென்றால் ஊசி குத்தி உறிஞ்சாதீர்கள்.