மறுமொழி: சுவர் சூழ்ந்த பாரசீகத் தோட்டத்திற்குத் தமிழ்ச் சொல்

அன்பர்களுக்கு வணக்கம்.

நாம் தொகுக்கும் தோட்டக்கலை வரலாற்றுச் சொற்பட்டியலில், சுவர் சூழ்ந்த பாரசீகத் தோட்டத்தைக் குறிக்கும் 'பாரடைஸ்' (paradise) என்பதற்குத் தமிழில் என்ன வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. 'சொர்க்கவனம்', 'படப்பை', 'மதில்தோட்டம்' ஆகியவை முன்மொழியப்பட்டிருக்கின்றன. இதைப் பற்றி, கடற்கரை மணலில் செடி வளர்ப்பவர்களுக்கு நடுவே இருப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

முன்மொழியப்பட்டவற்றுள் 'சொர்க்கவனம்' வரலாற்றைத் தலைகீழாக்கிவிடுகிறது. பழைய ஈரானிய மொழியில் 'பைரி' என்றால் சுற்றிலும், 'தயேசா' என்றால் சுவர். இரண்டும் சேர்ந்த சொல் முதலில் குறித்தது அடைத்த இடத்தை மட்டுமே. கிரேக்கர்கள் அதைப் பாரசீக மன்னர்களின் தோட்டங்களுக்கு எடுத்தாண்டார்கள். விண்ணுலகம் என்ற பொருள் பிற்பாடு ஏறியது. அந்த ஒரே சொல் எங்கள் இராமநாதபுரம் கரைக்கு இரண்டு வழிகளில் வந்து சேர்ந்திருக்கிறது: கிரேக்கம் வழியாகத் தேவாலயத்தின் 'பரதீசு' ஆகவும், அரபி வழியாகக் கீழக்கரைப் பள்ளிவாசலின் 'பிர்தவ்ஸ்' ஆகவும். இரண்டையும் சொல்பவர்களுள் எத்தனை பேர் அதற்குள் ஒரு சுவர் இருப்பதை நினைத்திருப்பார்கள்?

'படப்பை' சங்கச் சொல், வீட்டை ஒட்டிய தோட்டத்தைக் குறிப்பது, அழகானதும்கூட. ஆனால் எங்கள் பக்கத்தில் படப்பு என்றால் வைக்கோல் போர். பாரசீக மன்னர் சைரஸ் வைக்கோல் போருக்குள் உலாவினார் என்று மாணவர் படிக்க நேரும். 'மதில்தோட்டம்' பொருந்திவருவது போலத் தோன்றினாலும், கட்டுமானப் பொருளைச் சொல்லி நின்றுவிடுகிறது. கோட்டை நினைவும் கூடவே வருகிறது.

தங்கச்சிமடம் பக்கம் மல்லிகைப் பதியன் போடுகிற ஒரு பெரியவரின் தோட்டத்தை அடிக்கடி பார்க்கிறேன். பனைமட்டைகளை நெருக்கமாக நிறுத்தி, அடிப்பாகத்தை ஒரு சாண் மணலுக்குள் புதைத்து, குறுக்குக் கம்பில் நார் கொண்டு கட்டியிருக்கிறார். உப்புக் காற்றும் பறக்கும் மணலும் ஆடும் அந்த வேலிக்கு வெளியே நின்றுவிடுகின்றன. உள்ளே, கிணற்றுத் தண்ணீர் குடத்தால் ஊற்றப்பட்ட பாத்திகள் ஈரமாக இருக்கின்றன. "முதல்ல வேலிய அடைக்கணும் தம்பி, செடி பெறகுதான்" என்றார். வேலி 'கட்டுவது' என்று அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை, எப்போதும் 'அடைப்பது'தான்.

கி.மு. 6ஆம் நூற்றாண்டில் ஈரானின் பசார்கடேயில் சைரஸ் அமைத்த தோட்டத்தின் கல் வாய்க்கால்களும், அவற்றின் இடையிடையே வெட்டப்பட்ட சிறு தொட்டிகளும் இன்றும் காணக்கிடைக்கின்றன. அந்த வறண்ட நிலத்திலும் நீரையும் நிழலையும் உள்ளே பிடித்துவைப்பதே முதல் வேலை. ஐரோப்பிய மடாலயத் தோட்டங்களுக்கு இலத்தீனில் வழங்கிய பெயரும் அடைத்த தோட்டம் என்றே பொருள்படும். அது விவிலியத்தின் உன்னதப்பாட்டு நூலிலிருந்து வந்தது, நம் தமிழ் விவிலியமும் அங்கே 'அடைக்கப்பட்ட தோட்டம்' என்றே எழுதுகிறது.

ஆகவே என் முன்மொழிவு 'அடைதோட்டம்'. சுவர் மண்ணா, கல்லா, பனைமட்டையா என்று இச்சொல் கேட்பதில்லை. வினைத்தொகை ஆதலால் இடையில் வல்லினம் மிகாது. மறந்துபோய் ஒரு 'த்' சேர்த்தால், அடை விளைகிற தோட்டமாகிவிடும்.

நீரோடைகள் குறுக்கே வெட்டி நான்காகப் பிரிக்கும் 'சார்பாக்' இதன் உள்வகை. தில்லியில் உமாயூன் கல்லறையைச் சூழ்ந்திருப்பது அதுவே. அதற்கு 'நாற்கால் அடைதோட்டம்' என்று வைக்கலாம்: கால் என்பது வாய்க்காலும் ஆகும், நான்கில் ஒரு பங்கும் ஆகும். நாற்காலி நினைவுக்கு வருகிறது என்று மறுப்பவர்கள் வேறு சொல் தரட்டும். இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. 'அடைதோட்டம்' பற்றி மட்டும் மறுப்பு இருந்தால், பட்டியல் அச்சுக்குப் போகும் முன் தெரிவியுங்கள்.