பத்மநாபபுரத்துத் தரையும் குளத்தங்கரைப் பனங்கொட்டையும்

தக்கலையிலிருந்து:

ஒரு தடவை வந்தவரை, கொடுத்தவரை மறுபடியும் தானாக வரவைப்பது எது என்று கேட்டிருந்தீர்கள், எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பத்மநாபபுரம் அரண்மனையைத் தாண்டித்தான் தினமும் பள்ளிக்கூடம் போனேன், ஆனாலும் முப்பது வயது வரைக்கும் எனக்கு அது சுற்றுலா பஸ்கள் வந்து நிற்கிற இடம், அவ்வளவுதான். போன வருஷம் சென்னையிலிருந்து வந்த அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன். விளக்கம் சொல்கிற அம்மா, 1795 வரைக்கும் திருவிதாங்கூருக்கு இதுதான் தலைநகரம் என்று ஆரம்பித்தார், பையன் கொட்டாவி விட்டான். அவர் அதைப் பார்த்துவிட்டு, "மக்ளே, குனிஞ்சு தரையப் பாரு, மூஞ்சி தெரியுதா?" என்றார்.

கருப்புத் தரை. ஜன்னல் வெளிச்சம் அதில் நீளமாக விழுந்து கிடந்தது, நடுவில் அவன் நெற்றியும் மூக்கும் மங்கலாகத் தெரிந்தன. சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் போட்டது என்று அவர் சொன்னதும் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தான். அப்புறம் எத்தனை முட்டை, யார் தேய்த்தார்கள் என்று அறைக்கு அறை கேள்விதான். இந்த நவராத்திரிக்கு சரஸ்வதி அம்மன் இங்கிருந்து திருவனந்தபுரம் புறப்படுகிறதைப் பார்க்க அவனாகவே கிளம்பி வந்துவிட்டான். கேரளத் தொல்லியல் துறை பராமரிக்கிற அரண்மனை தமிழ்நாட்டில் எப்படி இருக்கிறது என்று, 1956ல் இந்தப் பகுதி தமிழ்நாட்டோடு சேர்ந்த கதையை என்னிடமே கேட்டான், எனக்கும் அப்போதுதான் படிக்கத் தோன்றியது.

நாகர்கோவிலிலிருந்து:

தக்கலை அண்ணன் சொன்னது சரிதான், நம் கையால் தொட்டுப் பார்த்ததுதான் மறுபடியும் இழுக்கும். நான் ஒரு அமைப்புக்கு முதல் தடவை 2,000 ரூபாய் கொடுத்தேன், ரசீது வந்தது, அடுத்த வாரத்திலிருந்து வாட்ஸ்அப்பில் மறுபடியும் பணம் கேட்டு மெசேஜ், அந்த 2,000 என்ன ஆச்சு என்று ஒரு வரி கிடையாது. மனசு விட்டுப்போய் நம்பரை பிளாக் பண்ணிவிட்டேன்.

அதற்கப்புறம் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் சிலர் குளத்தங்கரையில் பனங்கொட்டை நடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். பணம் பற்றிப் பேசவே இல்லை. கையில் ஒரு சாக்கும் மண்வெட்டியும் கொடுத்து, "அக்கா, இந்த வரிசை உங்களுக்கு" என்றார்கள். பனை முதலில் மண்ணுக்குக் கீழேதான் இறங்கும், மேலே இலை வர மாசக்கணக்காகும் என்று முன்னாடியே சொல்லியும் வைத்தார்கள். அதனால் நான் அதை மறந்தேபோனேன். ஒரு நாள் போன் வந்தது: "அக்கா, உங்க வரிசையில முளைச்சிருக்கு, வந்து பாருங்க." ஓடினேன். விரல் அகலத்தில் மடிப்பு மடிப்பாக ஒற்றை இலை, முள்ளுச்செடிக்கு நடுவில். அன்றைக்கு நானேதான் கேட்டேன், மாசாமாசம் எவ்வளவு கொடுத்தால் உதவியாக இருக்கும் என்று.

எங்கள் தாத்தா விவேகானந்தர் பாறை நினைவு மண்டபத்துக்கு ஒரு ரூபாய் கொடுத்தவர், அப்போது ஊர் ஊராக அப்படித்தான் வாங்கினார்கள். 1970ல் திறந்த பிறகு வீட்டுக்கு யார் விருந்தாளி வந்தாலும் படகில் கூட்டிப்போய், "இதுல நம்ம ஒரு ரூபா இருக்கு" என்று தூணைத் தட்டிக் காட்டுவாராம்.