அப்சு சூரியனா, தியாமத் கிரகமா? வீட்டு வழக்குக்கு ஒரு தீர்ப்பு வேண்டும்

கேள்வி: கணக்குப்பிள்ளை மகன்

என் மச்சான் ஒரு மாதமாக வாட்ஸப்பில் வீடியோவாக அனுப்பித் தள்ளுகிறார். பாபிலோன்காரர்களின் படைப்புக் கதையான எனுமா எலிஷ், நிஜத்தில் சூரியக் குடும்பம் உண்டான வரலாறாம். அப்சுதான் சூரியன். தியாமத் ஒரு பழைய கிரகம். பாபிலோனின் பெரிய தெய்வமான மர்துக் என்பது வெளியிலிருந்து வந்த, 3600 வருஷத்துக்கு ஒருமுறை திரும்பும் நிபிரு என்ற கிரகம். அதுவும் அதன் துணைக்கோள்களும் தியாமத்தை அடித்துப் பிளந்ததில் ஒரு பாதி பூமி, மறுபாதி சிறுகோள் பட்டை. யுரேனஸும், ஏயா என்ற பெயரில் நெப்டியூனும்கூட அன்றைக்கே அவர்களுக்குத் தெரியுமாம்.

இதுவரை நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். இப்போது ஒன்பதாவது படிக்கும் மகள், பள்ளி அறிவியல் மன்றத்தில் இதைத்தான் பேசப்போகிறேன் என்கிறாள். அந்தக் கதையை மூலத்தோடு படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பதில் 1: மொட்டைமாடி வானம்

யுரேனஸைக் கிரகம் என்று கண்டுகொண்டது 1781-இல், ஹெர்ஷல். நெப்டியூன் 1846. யுரேனஸாவது நல்ல இருட்டில் மங்கலாக வெறுங்கண்ணுக்குத் தட்டுப்படும். நெப்டியூன் ஒருநாளும் தட்டுப்படாது. சிறுகோள் பட்டையை மொத்தமாகக் கூட்டிப் பிசைந்தாலும் நம் நிலாவின் எடையில் நூற்றுக்கு நாலு பங்குகூடத் தேறாது. பூமியின் மறுபாதி அதில் எங்கே இருக்கிறது?

பதில் 2: பஸ்ரா ரிட்டர்ன்

நான் வானியல் படித்தவன் இல்லை, எலெக்ட்ரீஷியன். பஸ்ரா பக்கம் எண்ணெய் வயல் கேம்ப்பில் நாலு வருஷம் இருந்தேன். ராத்திரி ஷிஃப்டில் பொழுது போகாமல்தான் எனுமா எலிஷை ஆங்கிலத்தில் படித்தேன். ஏழு களிமண் பலகை, அவ்வளவுதான். பெரிய புத்தகம் இல்லை.

தொடக்கமே தண்ணீர்தான். அப்சு நன்னீர், தியாமத் உப்புநீர். ரெண்டும் கலந்து கிடந்தன, அதிலிருந்து தெய்வங்கள் பிறந்தன என்கிறது. தியாமத் என்ற பெயருக்கும், பாபிலோன்காரர்கள் எழுதிய அக்காடிய மொழியில் கடலைக் குறிக்கும் சொல்லுக்கும் வேர் ஒன்று. இதை நான் படித்தபோது ஜன்னலுக்கு வெளியே ஷத் அல் அரப் ஓடிக்கொண்டிருந்தது. டைக்ரிஸும் யூப்ரடீஸும் குர்னாவில் சேர்ந்து வளைகுடாவுக்குப் போகிற ஆறு. ஓதம் ஏறும்போது அந்த ஆறு பின்னோக்கி நடக்கும். 2018 கோடையில் மேலிருந்து வருகிற நல்ல தண்ணி குறைந்து உப்பு உள்ளே ஏறிவிட்டது. ஊர்க் குழாய்த் தண்ணீரில் பல் விளக்கினால் வாயெல்லாம் கரிக்கும். லட்சம் பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நன்னீரும் உப்புநீரும் மல்லுக்கட்டுவதை அந்த ஊர்க்காரனுக்கு வானத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை. வாசலிலேயே நடக்கிறது.

சரி, அப்சு சூரியன் என்றே வைத்துக்கொள்வோம். முதல் பலகையிலேயே ஏயா என்ற தெய்வம் அப்சுவைத் தூங்கவைத்துக் கொன்று, அவன் மேலேயே வீடு கட்டிக் குடியேறுகிறது. உங்கள் மச்சான் கணக்கில் ஏயாதான் நெப்டியூன். நெப்டியூன் சூரியனைக் கொன்று அதன்மேல் குடிபோனதா? கேட்டுச் சொல்லுங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது நாலாவது பலகை. சண்டையில் தோற்றுச் செத்த தியாமத்தை மர்துக் எப்படிப் பிளக்கிறான் தெரியுமா? காயவைக்கிற மீனைப் பிளக்கிற மாதிரி. நான் வேதாளைக்காரன். எங்கள் ஆத்தா கருவாட்டுக்கு மீனை முதுகோடு கீறி, குடலை வழித்து, புத்தகம் மாதிரி விரித்து உப்பை அப்புவாள். அதே வேலைதான். ஒரு பாதியை மேலே விரித்து வானமாக்கி, உள்ளே இருக்கிற தண்ணி ஒழுகிவிடாமல் காவல் வைக்கிறான். ஆக, அந்தப் பாதி வானம். சிறுகோள் பட்டை இல்லை. இன்னொன்று, அவள் கண்களிலிருந்துதான் டைக்ரிஸும் யூப்ரடீஸும் வருகின்றன. கிரகத்துக்கு ஏது கண்?

வானியலே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஐந்தாவது பலகை தொடங்குவதே வானத்தில்தான். மாதத்துக்கு மூன்று நட்சத்திரம், நிலாவுக்கு ஆறு நாள் கொம்பு, ஏழாம் நாள் அரை மகுடம், பதினைந்தில் முழு நிலா. நிபிருவும் அங்கே வருகிறது. அந்தச் சொல்லுக்கு ஆறு கடக்கிற துறை என்று பொருள். நம் ஊர்த் தோணித்துறை மாதிரி. முல் ஆபின் என்ற பாபிலோனிய நட்சத்திரப் பட்டியலில் அது மர்துக்கின் நட்சத்திரம், பொதுவாக வியாழன்தான் என்கிறார்கள். 3600 வருஷத்துக்கு ஒருமுறை வருகிற கிரகம் என்று ஒரு பலகையிலும் இல்லை. அது 1976-இல் செக்காரியா சிட்சின் எழுதிய புத்தகத்தில் இருக்கிறது.

கேள்வி கேட்டவர்

நன்றி அண்ணே. மச்சான் இப்போது ஒரு முத்திரையின் படத்தை நீட்டுகிறார். பெர்லின் மியூசியத்தில் இருப்பதாம், எண் வி.ஏ. 243. நடுவில் சூரியன், சுற்றிப் பதினொரு உருண்டை. இதற்கு என்ன சொல்வது?

பஸ்ரா ரிட்டர்ன்

முத்திரையில் எழுத்தும் இருக்கிறதே, அதை யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. துப்சிகா, இலி இல்லத் என்று ரெண்டு பெயர், அப்புறம் "உன் பணியாள்". ஆபீஸ் ரப்பர் ஸ்டாம்பு மாதிரி ஒருத்தருடைய சொந்த முத்திரை. நடுவில் இருப்பதும் சூரியன் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் சூரிய தெய்வமான ஷமாஷைக் காட்டுவது வட்டத்துக்குள் நாலு முனை, இடையிடையே அலை அலையாகக் கதிர். இது வெறும் ஆறு முனை நட்சத்திரம்.

எனக்கு எரிச்சல் வருவது வேறு இடத்தில். இவர்கள் பாபிலோனைப் புகழ்கிற மாதிரிப் புகழ்ந்து, அந்த ஆட்களின் உண்மையான உழைப்பை மறைத்துவிடுகிறார்கள். பாபிலோனை ஆண்ட அம்மிசதுகா ராஜா காலத்தில் வெள்ளிக் கிரகம் என்றைக்கு மறைந்தது, என்றைக்குத் திரும்பத் தெரிந்தது என்று 21 வருஷத்துக்கு எழுதிவைத்திருக்கிறார்கள். கி.மு. 350-க்கும் 50-க்கும் இடைப்பட்ட பலகைகளில் வியாழனின் நடையைக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். தெரிய ஆரம்பித்த நாளில் ஒரு நாளைக்கு 12 கலை (ஒரு பாகைக்கு 60 கலை) வேகம், அறுபதாம் நாளில் ஒன்பதரை. ரெண்டுக்கும் சராசரி எடுத்து அறுபதால் பெருக்கினால் 10 பாகை 45 கலை. பலகையிலும் அதேதான். இதைச் சரிவகத்தின் பரப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்று 2016-இல்தான் வெளியே தெரிந்தது. இவ்வளவு நுணுக்கமாக எழுதியவர்கள் கிரகம் என்று கணக்கு வைத்திருப்பது ஐந்தே ஐந்து. நெப்டியூன் தெரிந்திருந்தால் அதற்கும் ஒரு வரிசை போட்டிருப்பார்களா மாட்டார்களா?

பாப்பாவை இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒன்பதாம் வகுப்புக்குச் சரிவகம் தெரியும்.

மொட்டைமாடி வானம்

அண்ணே, அந்தச் சரிவகத்தை நான் சுட்டுக்கொள்கிறேன். எங்கள் சங்கக் கூட்டத்துக்கு ஆகும்.

கேள்வி கேட்டவர்

மகள் சரிவகத்துக்கு மாறிவிட்டாள். கருவாடும் ஒரு வரி வருமாம். மச்சானிடம் அப்சு கொலையைக் கேட்டேன். "மொழிபெயர்த்தவன் தப்பாப் பண்ணியிருப்பான்" என்றார். காலையில் பார்த்தால் இன்னும் ரெண்டு வீடியோ. இந்தத் தடவை மாயன்கள்.