மிளகாய் வருமுன் கூழுக்கு என்ன அரைத்தார்கள்?

கேள்வி (கரவெட்டி):
போன ஞாயிறு ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) கூழ் காய்ச்சினோம். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் அக்காவின் மகள், பிலா இலையைக் கோலிப் பிடித்து ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே, “சின்னம்மா, இதில் எல்லாமே யாழ்ப்பாணத்துச் சாமானா?” என்று கேட்டாள். ஓம் என்றுவிட்டேன். அப்புறம் செத்தல் மிளகாய் அரைத்த அம்மியைக் கழுவும்போதுதான் யோசனை வந்தது. மிளகாயைப் போர்த்துக்கேயர் கொண்டுவந்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம். கூழில் போட்ட மரவள்ளியும் அப்படியா? பிள்ளை திரும்பிப் போகுமுன் சரியான பதில் சொல்ல வேண்டும்.

பதில் 1:
தங்கச்சி, இரண்டும் கடல் கடந்து வந்தவைதான். மரவள்ளிக்கு ஊர் பிரேசில் பக்கம், மிளகாய்க்கு மெக்சிகோ பக்கம். கொலம்பஸ் 1492இல் அமெரிக்கப் பக்கம் போய்ச் சேருமுன் ஆசியாவில் ஒருவரும் மிளகாயைக் கண்டதில்லை. போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தது 1505இல், யாழ்ப்பாணத்தைப் பிடித்தது 1619இல். மிளகாய் வருமுன் உறைப்புக்கு மிளகுதான். புதிதாக வந்த காய் மிளகைப் போல உறைத்ததால் ‘மிளகாய்’ ஆனது. கூழுக்கு இன்றும் நாலு மிளகு சேர்த்து அரைக்கிறோமே, பழைய கூழின் ருசி அதில்தான் மிஞ்சியிருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

பதில் 2:
காலையில் வாங்கும் பாணும் (ரொட்டி) போர்த்துக்கேயச் சொல்தான். கோவாவும் (முட்டைக்கோசு) அப்படியே. போஞ்சி (பீன்ஸ்) ஒல்லாந்தரிடமிருந்து வந்த பெயர்.

பதில் 3:
எல்லாம் வந்தது என்று மட்டும் பிள்ளைக்குச் சொல்லிவிடாதீர்கள். கூழைக் கூழாக்குவது ஒடியல் மா, அது எங்கள் பனை. அம்மம்மா பனங்கிழங்கைப் பிளந்து முற்றத்து வெயிலில் காயவைத்து, உரலில் இடித்து, மாவை அரித்தெடுப்பார். காய்ச்சுமுன் அதைத் தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளிந்து நிற்கும் நீரை இரண்டு மூன்று தரம் வடித்துவிடுவார். இல்லாவிட்டால் கைக்கும். அந்தக் கைப்பக்குவம் எந்தக் கப்பலிலும் வரவில்லை. வந்த மரவள்ளியையும் மிளகாயையும் அதற்குள் சேர்த்துக்கொண்டது எங்கள் பெண்கள். நண்டும் இறாலும் எங்கள் கடலுடையவை. இதையும் சேர்த்துச் சொல்லுங்கள் அக்கா.

கேள்வி கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. இந்த ஞாயிறு மிளகாய் இல்லாமல், மிளகு மட்டும் அரைத்து ஒரு சின்னச் சட்டி காய்ச்சப் போகிறேன். மரவள்ளிக்குப் பதில் என்ன போடலாம்?

பதில் 3:
பலாக்கொட்டையைக் கூட்டிப் போடுங்கள். பழப்புளியைக் கொஞ்சம் குறையுங்கள், இல்லாவிட்டால் மிளகின் காரம் அமுங்கிவிடும்.