‘டிக்ரீஸ்’ பாடத்துக்கு நம்ம ஊர் வாக்கியங்கள் வேண்டும்

புதுச்சேரி, கடலூர் நண்பர்களே, பத்தாம் வகுப்பு ஆங்கிலத்துக்கு ‘டிக்ரீஸ்’ (decrease, குறைதல்) இணைச்சொற்களில் பயிற்சித்தாள் தயாராகிறது. எண்ணிக்கை தானாகக் குறைந்தால் பெரும்பாலும் ‘டிக்ரீஸ்’, ஒருவர் குறைத்தால் ‘ரெட்யூஸ்’, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தால் ‘ட்விண்டில்’. பிள்ளைகள் சறுக்குவது ‘பை’ (by), ‘டு’ (to) இரண்டில்தான்: 100 ரூபாய் மீன் விலை ‘பை 20’ குறைந்தால் 80, ‘டு 20’ என்றால் வெறும் 20!

மழைக்கும் ‘ரெட்யூஸ்’ எழுதுகிறார்கள். ‘ஈஸ் ஆஃப்’ (ease off), ‘லெட் அப்’ (let up) தான் இயல்பு. நாமும் மழை விட்டது, காற்று அடங்கியது, காய்ச்சல் இறங்கியது என்று தனித்தனியாகத்தானே சொல்கிறோம்?

கடலூர் முதுநகர் துறைமுகப் பக்கம் அலையும் நீரோட்டமும் தணிந்தால் எப்படிச் சொல்வார்கள்? தனிச்சொல்லாக வேண்டாம், பேசுகிற மாதிரியே முழு வாக்கியமாக எழுதுங்கள். வசவு கலந்திருந்தாலும் பரவாயில்லை, நீக்கிக்கொள்ளலாம்.