வாங்காத ஆன்டிவைரஸுக்கு சந்தா முடிந்துவிட்டதாம்!

கணக்கு வாத்தியார்:
வீட்டு கம்ப்யூட்டர், விண்டோஸ் 11. வலது பக்கக் கீழ் மூலையில் அடிக்கடி ஒரு பெட்டி எகிறி வருகிறது. சிவப்புக் கேடயம், '5 வைரஸ் இருக்கிறது, சந்தா முடிந்துவிட்டது, உடனே புதுப்பிக்கவும்' என்று ஆங்கிலத்தில். பிரபலமான ஆன்டிவைரஸ் ஒன்றின் சின்னமும் உண்டு. அதை நான் வாங்கியதே கிடையாது. மகள் டிஎன்பிஎஸ்சி பழைய வினாத்தாள் இறக்குவது இதில்தான். 'பணம் கட்டிடலாமாப்பா' என்று பயப்படுகிறாள். நடுவில் ஒருநாள் விண்டோஸும் 'திரெட்ஸ் ஃபவுண்ட்' என்று சொல்லிவிட்டு அடங்கிவிட்டது. அது கிடக்கட்டும், இந்தக் கேடயத்தை எப்படி ஒழிப்பது?

சர்வீஸ் பெஞ்ச்:
கட்டாதீங்க சார். பெட்டியில் பொடி எழுத்தைப் பாருங்கள்: கூகுள் குரோம் என்றும், வாயில் நுழையாத ஒரு வெப்சைட் பெயரும் இருக்கும். ஆன்டிவைரஸ் பேசவில்லை, அந்த வெப்சைட் பேசுகிறது. பிடிஎஃப் இறக்கும் சில தளங்களில் 'ரோபோ இல்லை என்று காட்ட அலவ் அழுத்து' என்று வரும். அழுத்தினால் நோட்டிஃபிகேஷன் அனுப்ப அனுமதி கொடுத்ததாகிவிடும். குரோம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். தெரியாத பெயர்களை எல்லாம் நீக்குங்கள், சத்தம் நின்றுவிடும்.

நீங்கள் 'கிடக்கட்டும்' என்றீர்களே, எனக்கு அதுதான் உறுத்துகிறது. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து புரொடெக்‌ஷன் ஹிஸ்டரியில் என்ன பெயர் இருக்கிறது?

கணக்கு வாத்தியார்:
கேடயம் போயே போச்சு, நன்றி. ஹிஸ்டரியில் 'ஹேக்டூல்: வின்32/ஆட்டோகேஎம்எஸ்' என்று இருக்கிறது.

மொட்டைமாடி:
விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் சும்மாவே குரைக்கும் ஐயா. 2022 செப்டம்பரில் குரோமையே வைரஸ் என்றது. கண்டுக்காதீங்க.

சர்வீஸ் பெஞ்ச்:
அது அப்டேட்டில் வந்த கோளாறு தம்பி, பிறகு வந்த அப்டேட்டில் சரி செய்துவிட்டார்கள். இது வேறு கதை. ஆட்டோகேஎம்எஸ் என்பது காசு கொடுக்காத விண்டோஸையோ ஆஃபீஸையோ உயிர்ப்பிக்கும் கருவி. தனியாக வந்தால் பரவாயில்லை, பாஸ்வேர்டு திருடும் சரக்கும் சில சமயம் கூடவே வரும். சார், வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்‌ஷன் செட்டிங்ஸில் கீழ்ப்பக்கம் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' பாருங்கள். இந்தக் கருவியைப் போடுகிறவர்கள் டிஃபெண்டர் தொடாதபடி அங்கே விலக்கு எழுதி வைப்பார்கள்.

கணக்கு வாத்தியார்:
சி டிரைவ் முழுக்கவே எழுதி வைத்திருக்கிறது!

சர்வீஸ் பெஞ்ச்:
அப்படியென்றால் அந்த விலக்கு இருந்த காலமெல்லாம் அந்த டிரைவில் உள்ள ஃபைல்களை டிஃபெண்டர் ஸ்கேன் செய்திருக்காது. அந்த விலக்கை நீக்குங்கள், காசு கொடுக்காமல் போட்ட ஆஃபீஸ் இருந்தால் கழற்றுங்கள், பிறகு டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன் (விண்டோஸ் திறக்கும் முன்பே தேடுவது). கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி கால் மணி நேரம் ஓடும். பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளைப் போனிலிருந்து மாற்றுங்கள், இதிலிருந்து வேண்டாம்.

கணக்கு வாத்தியார்:
ஸ்கேன் முடிந்தது, இன்னும் ரெண்டைப் பிடித்திருக்கிறது. வாங்கின கடையில் கேட்டால் 'எல்லாருக்கும் அப்படித்தான் சார் போடுறோம்' என்கிறார்கள். இப்போது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸ் போட்டிருக்கிறேன். மார்க் லிஸ்ட் எல்லாம் திறக்கிறது, பழைய தமிழ் ஃபான்ட்தான் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. அதற்குத் தனியாகக் கேட்கிறேன்.