ஜாம் என்றதும் உங்களுக்கு நடந்தது எது?

ஜெராக்ஸ்காரன், திருச்சி:
கல்லூரிப் பக்கம் கடை வைத்திருக்கிறேன். மார்கழி மாதம் காலையில் ஒரு பையன் ஓடி வந்து, "அண்ணே, ஜாம் ஹால் டிக்கெட் எடுக்கணும்" என்றான். அந்த நேரம் பார்த்து மெஷினும் ஜாம். "இங்க எல்லாமே ஜாம்தான் தம்பி, கொஞ்சம் பொறு" என்றேன், அவன் சிரிக்கவே இல்லை. ஐஐடிகளில் எம்எஸ்சி சேர எழுதும் நுழைவுத் தேர்வாம் அது. பாவம், அவன் பயம் அவனுக்கு.

பனிக்காலத்தில் பிரித்த ரிம்மை அப்படியே போட்டு வைத்தால் ஈரம் ஏறிவிடும், அப்புறம் தாளோடு தாள் ஒட்டிக்கொண்டு இரண்டு இரண்டாக உள்ளே போகும், ரோலர் திணறும். டிரேயில் வைக்கும் முன் சீட்டுக்கட்டைக் கலைக்கிற மாதிரி ஒருமுறை உதறிவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. மாட்டிய தாளை வந்த வழியே பின்னால் இழுக்காதீர்கள், அது போகிற பக்கமாகவே இரண்டு கையாலும் நிதானமாக இழுக்க வேண்டும். கிழிந்து நகத்தளவு துண்டு உள்ளே தங்கினால் போதும், சென்சார் அதையும் தாள் என்றே எடுத்துக்கொண்டு, எத்தனை தடவை மூடியைத் திறந்து மூடினாலும் ஜாம் ஜாம் என்று காட்டிக்கொண்டே இருக்கும். ஃபியூசர் பக்கம் மட்டும் அவசரப்பட்டுக் கையை விடாதீர்கள். டோனர் என்கிற மைத்தூள் உருகித் தாளில் ஒட்டுகிற இடம் அது, 180 டிகிரி அளவுக்குச் சூடாகும்.

பழைய பிஎஸ்சி:
என் நண்பன் கதை இதற்கு நேர் எதிர். கல்ச்சுரல்ஸ் சமயம் நோட்டீஸ் போர்டில் "ஜாம், பெயர் கொடுக்க இன்றே கடைசி" என்று ஒட்டியிருந்தார்கள். இயற்பியல் மாணவன் அல்லவா, நுழைவுத் தேர்வுக்குக் கோச்சிங் தருகிறார்கள் என்று நினைத்துப் பெயர் கொடுத்துவிட்டான். கால்குலேட்டரோடு போய் நின்றவனை மேடையில் உட்கார வைத்து மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஜஸ்ட் எ மினிட்! கொடுத்த தலைப்பில் ஒரு நிமிடம் பேச வேண்டும். தயங்கக் கூடாது, சொன்னதையே திரும்பச் சொல்லக் கூடாது, தலைப்பை விட்டு விலகக் கூடாது. பிபிசி வானொலியில் 1967-இல் தொடங்கிய விளையாட்டு, நம் கல்லூரிகளில் இங்கிலீஷ் இலக்கணப் பிழைக்கும் சேர்த்து மற்ற போட்டியாளர்கள் மேசையைத் தட்டி நிறுத்துவார்கள்.

இவனுக்கு வந்த தலைப்பு குடை. மழைத்துளி விழும் வேகம், காற்றின் எதிர்ப்பு என்று செமஸ்டரில் படித்ததை எல்லாம் எடுத்து விட்டான். யாருக்கும் புரியாததால் கொஞ்ச நேரம் ஒருத்தரும் மேசையைத் தட்டவில்லை. பரிசு கிடைக்கவில்லை, கைத்தட்டல் பலமாகக் கிடைத்தது.

தாம்பரம்வாசி:
ஜிஎஸ்டி சாலை. பொங்கல் லீவு முடிந்து சென்னை திரும்புகிற ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. இதற்கு மேல் எழுதத் தெம்பில்லை.

குஜராத் ரிட்டர்ன்:
வேலைக்காக ஜாம்நகரில் இருந்தேன். அங்கே ஜாம் என்பது ராஜாவின் பட்டம், நவாநகர் சமஸ்தானத்தை ஆண்டவர்கள் ஜாம் சாகிப். ரஞ்சி டிராபி யார் பெயரில் நடக்கிறதோ அந்த ரஞ்சித்சிங்ஜியும் 1907 முதல் ஜாம் சாகிப்தான். அவருக்குப் பின் வந்த திக்விஜயசிங்ஜி, இரண்டாம் உலகப் போரில் சோவியத் நாட்டுக்கு நாடுகடத்தப்பட்டு அங்கிருந்து வெளியேறிய போலந்துக் குழந்தைகளுக்கு 1942-இல் பாலாச்சடியில் முகாம் அமைத்து இடம் கொடுத்தார். ஒரு லீவு நாளில் பைக்கில் போய்ப் பார்த்தேன், கடலை ஒட்டிய ஊர், இப்போது அங்கே சைனிக் பள்ளி நடக்கிறது. வார்சாவில் நல்ல மகாராஜா என்று அவருக்கு ஒரு சதுக்கமே இருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? என் அத்தை மட்டும் இன்னும் அதை ஜாம் காய்ச்சுகிற ஊர் என்றே நினைத்துக்கொண்டு, "வரும்போது ரெண்டு பாட்டில் வாங்கிட்டு வாடா" என்பார்.

யாழ்ப்பாணத்தான்:
எங்கட வளவுக்குள்ள ஜாம் பழ மரம் ஒன்று நின்றது. கடைப் போத்தலில் வாற ஜாமுக்கும் அதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. சின்னச் சிவப்புப் பழம், விரலால் அமத்தினால் இனிப்புச் சாறும் மணல்போலப் பொடி விதையும் பிதுங்கும். இரவில் வௌவால் வந்து சப்பித் துப்பிவிட்டுப் போகும், விடியக் கிணற்றடியைக் கூட்டுறது என்ர வேலை. தமிழ்நாட்டில் தேன்பழம் என்று சொல்லுவினமாம், சரியோ?

கொய்யா அக்கா, மதுரை:
சரிதான் தம்பி, சர்க்கரைப் பழம் என்றும் சொல்வோம். ஆனால் நிஜமாகவே ஜாம் கிண்ட வேண்டுமானால் கொய்யாவை எடுங்கள், அதில் பெக்டின் அதிகம், தானாகவே இறுகிக் கொடுக்கும். வேகவைத்து மசித்து வடிகட்டி விதையை நீக்கிவிட்டு, விழுதின் எடைக்கு முக்கால் பங்கோ சமமாகவோ சர்க்கரை போட்டு, எலுமிச்சைச் சாறு பிழிந்து கிளறுங்கள். நீளமான கரண்டி வேண்டும், கொதி வந்ததும் மணிக்கட்டில் தெறிக்கும், பொசுக்கென்று கொப்புளம் வந்துவிடும். 105 டிகிரி வந்தால் பதம். தெர்மாமீட்டர் இல்லையா, கரண்டியில் எடுத்துச் சாயுங்கள், சொட்டுச் சொட்டாக விழாமல் சேர்ந்து தகடாக வழிந்தால் இறக்கிவிடலாம். ஆறும்போது இன்னும் இறுகும், அடுப்பிலேயே கெட்டியாகட்டும் என்று விட்டால் கத்தி வைத்துத்தான் வெட்டி எடுக்க வேண்டும். பாட்டில் மூடி ஜாம் ஆகிவிட்டால் வெந்நீரில் கவிழ்த்துப் பிடித்துவிட்டு ஈரத்துணி சுற்றித் திருகுங்கள், வந்துவிடும்.